பிரேக்கை மாற்றலாம், முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: "ஐயா, எனக்கு வயது 57. சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தம்பியும் நானும் சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு முன்பு 1946-ஆம் ஆண்டு செஸ்னா 140 விமானம் ஒன்றை வாங்கினோம். அங்கேதான் ஒரு சின்ன விமானத்தளத்தில் நிற்கிறது. ஆண்டு முடிவில் நான் போய் ஒரு மாதம் ஓட்டுவேன். பிரேக் எல்லாம் பழைய குட்இயர் பிரேக். இடது பிரேக் பிடிப்பதே இல்லை, வலது பிரேக் கடகடவென்று அதிர்கிறது. போன டிசம்பரில் இறங்கிய பிறகு, வலப்பக்கமிருந்து காற்று அடித்தது. விமானம் வலப்புறம் திரும்பியது. இடது பெடலை மிதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஓடுபாதையின் ஓரப் புல்லில் போய் நின்றோம். சேதம் எதுவும் இல்லை. கிளீவ்லண்ட் என்ற வேறு தயாரிப்புப் பிரேக்கைப் போட்டுவிட்டால் கிரவுண்ட் லூப் (தரையில் ஓடும்போதே விமானம் சுற்றிக்கொள்வது) பயமே இருக்காது, சட்டென்று நிற்கும் என்கிறார் தம்பி. இரட்டைப் பிஸ்டன் வைத்ததையே வாங்கி, டயரையும் பெரிதாக்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். ஆனால் பிரேக் கூடினால் விமானம் மூக்கில் குத்தும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். நாங்களே மாட்டிக்கொள்ள முடியுமா? என் மனைவி இனி அதில் ஏறமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்தது ஒரே ஒரு வரிக்காக: "இடது பெடலை மிதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை." மூக்கடியில் சக்கரம் இல்லாமல் வாலடியில் ஒன்று உள்ள வால் சக்கர விமானம் தரையில் காற்றுப்பக்கம் மூக்கைத் திருப்பப் பார்க்கும், கூரையில் காற்றுத் திசை காட்டும் சேவல் திரும்புவதுபோல. வலப்பக்கக் காற்றில் அது வலப்புறம் திரும்பும். அதைத் தடுக்க இடது ரடரும் (வாலில் நிமிர்ந்து நிற்கும், பெடலால் அசையும் திருப்புப் பலகை) கொஞ்சம் இடது பிரேக்கும் வேண்டும். உங்களுக்குத் தேவைப்பட்ட அதே பிரேக்தான் செத்துக் கிடந்திருக்கிறது. ஆகவே அன்று நடந்ததற்கு ‘பிரேக்கின் பலம் போதவில்லை’ என்று பெயர் வைக்காதீர்கள். ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் மருந்து வேறு.

தம்பி சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரவுண்ட் லூப்பை எந்த பிரேக்கும் ஒழிக்காது. பேரங்காடியில் தள்ளுவண்டியை நிறைய அரிசி மூட்டை வைத்து, திரும்பாத சக்கரங்கள் முன்னால் போகும்படி தலைகீழாக வேகமாகத் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். பத்தடி போவதற்குள் வண்டி சுற்றிக்கொண்டு நேர்ப்பக்கம் திரும்பிவிடும். பாரம் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது, அது முன்னால் வரத் துடிக்கிறது. செஸ்னா 140-இன் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் விலகினால் பின்னால் இருக்கும் பாரம் அந்த விலகலை இன்னும் பெரிதாக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது முதலில் கால், அதாவது ரடர். பிறகு வால் சக்கரம். பிரேக் மூன்றாவது ஆள். வேகம் குறைந்து ரடருக்கு மேல் காற்று ஓடாத கடைசி சில நொடிகளில்தான் அதற்கு வேலை.

இந்த வகை விமானங்கள் பிறந்த காலத்தில் பிரேக் என்பதே ஒரு சொகுசு. டைகர் மாத் விமானத்தில் பிரேக் கிடையாது, வால் சக்கரமும் கிடையாது. புல்லில் உராயும் ஒரு இரும்புச் சறுக்குக்கட்டைதான் நிறுத்தியது. அதை நம்பி எப்படி இறங்கினார்கள் என்று கேட்டால் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1937 ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்ட காலாங் விமான நிலையத்தின் இறங்குதளம் வட்டமான புல்வெளி. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதை எதிர்த்தே இறங்கலாம். பக்கக் காற்று என்ற தொல்லையே இல்லை. தார் போட்ட ஒற்றை ஓடுபாதை வந்த பிறகுதான் விமானிக்குப் பக்கக் காற்றோடு மல்லுக்கட்டும் வேலை வந்தது, பிரேக்கும் அவசியமானது. பழைய காலாங் கட்டடத்தைத் தாண்டி எம்ஆர்டியில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். சரி, உங்கள் விமானத்துக்கு வருவோம்.

புதிய பிரேக்குக்குக் காசைக் கட்டும் முன் விமானத்தை ஜாக்கில் ஏற்றி இரண்டு சக்கரங்களையும் கழற்றச் சொல்லுங்கள் தம்பியிடம். அதற்கும் முன்னால், விமானம் தரையில் நிற்கும்போது, பெடல் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். இடது பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்புகிறது. கெட்டியாக நின்றும் சக்கரம் உருண்டால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் லைனிங் பட்டையில் எண்ணெயோ கிரீஸோ ஏறியிருக்கும், அல்லது தேய்ந்து கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், அது பெடலின் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் வேலை. இவற்றில் பழைய ஹோஸும் மாஸ்டர் சிலிண்டரின் ஓ-ரிங்கும் கிளீவ்லண்ட் போட்டாலும் அப்படியே இருக்கும். ஏனென்றால் மாற்றப் போவது சக்கரத்தையும் அதில் இருக்கும் பிரேக்கையும்தான். காலடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர்கள் அதே பழைய சிலிண்டர்கள். புது பிரேக் போட்டும் இடது பக்கம் பிடிக்கவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலது பக்க அதிர்வுக்குக் காரணம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது என்று சொன்னால் அது ஜோசியம். ஆனாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். குட்இயர் அமைப்பில் பிரேக் டிஸ்க் சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்காது. டிஸ்கின் வெளி விளிம்பில் பல் இருக்கும்; சக்கரத்துக்குள் இருக்கும் காடிகளில் அது உட்கார்ந்து, உள்ளும் வெளியும் கொஞ்சம் நகரும்படி மிதந்துகொண்டிருக்கும். அது ஆடாமல் இருக்க இடுக்கில் சின்னச் சின்ன எஃகுக் கிளிப்புகள். எழுபத்தைந்து எண்பது ஆண்டு ஓடிய சக்கரத்தில் அந்தக் கிளிப்பு உடைந்திருக்கும், சில இடத்தில் காணாமலே போயிருக்கும். அப்புறம் டிஸ்கின் எஃகுப் பல், மென்மையான உலோகத்தில் வார்த்த சக்கரத்தைக் கொத்தித் தின்ன ஆரம்பிக்கும். காடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். நேராக இருக்க வேண்டிய சுவர் படிபோல் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் காலம் முடிந்தது. கிளிப்பு மட்டும் வாங்கிப் போட்டு ஒப்பேற்றுவதில் பயனில்லை.

என் தீர்ப்பு: அப்படித் தேய்ந்திருந்தால் கிளீவ்லண்டுக்கு மாறுங்கள். காரணம் உதிரிப் பாகம். குட்இயருக்கு நல்ல டிஸ்க், நல்ல கிளிப், நல்ல சக்கரம் தேடி அலைய வேண்டும். கிடைப்பதும் இன்னொருவர் கழற்றிப்போட்டதாக இருக்கும். கிளீவ்லண்ட் அமைப்பில் டிஸ்க் சக்கரத்தோடு போல்ட்டில் இறுகியிருக்கும். அச்சில் பொருத்திய ஒரு தகட்டில் இரண்டு ஊசிகளின் மேல், லைனிங்கை அழுத்தும் காலிப்பர்தான் மிதக்கும். லைனிங் தேய்ந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே சில போல்ட்டில் வேலை முடிந்துவிடும். லைனிங்கின் தடிமன் 0.100 அங்குலத்துக்கு, அதாவது 2.5 மில்லிமீட்டருக்கு, வந்தால் மாற்ற வேண்டும் என்ற அளவும் தெளிவாக இருக்கிறது. டிரில் பிட் ஒன்றை இடுக்கில் விட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். சிலேத்தார் விமான நிலையத்தில் மெக்கானிக்காகப் பயிற்சி விமானங்களோடு வாழ்ந்த காலத்தில் எங்கள் சட்டைப் பையில் அதற்கென்றே ஒரு டிரில் பிட் கிடக்கும்.

காடிகள் நன்றாக இருந்தால்? புதுக் கிளிப், புது லைனிங், மாஸ்டர் சிலிண்டருக்கு ஓ-ரிங், புது ஹோஸ். அதோடு நிறுத்திக்கொண்டு ஒரு ஆண்டு ஓட்டிப் பாருங்கள். நன்றாகப் பராமரித்த குட்இயர் பிரேக் அந்தச் சின்ன விமானத்துக்குப் போதும். முழுப் பாரமும் ஏற்றினாலும் அது 1,450 பவுண்டு, 658 கிலோ. நம் ஊர் டாக்சியில் பாதி எடைகூட இல்லை.

இனி மூக்கில் குத்துவது பற்றி. உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது உண்மை. அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில், சக்கர அச்சுக்கு 35 செ.மீ. பின்னால் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வேகம் குறையும் விகிதம் புவியீர்ப்பில் 35 சதவீதத்தைத் தொட்டால் வால் தூக்க ஆரம்பிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கு இதைவிட எவ்வளவோ அதிகப் பிடிமானம் உண்டு. ஆகவே விமானத்தைக் கவிழாமல் காப்பது டயர் இல்லை, பிரேக்கின் பலவீனம்! பழைய பிரேக்கின் சோம்பேறித்தனம் இத்தனை ஆண்டும் உங்களுக்குக் காவலாக இருந்திருக்கிறது.

வால் தூக்கியதும் கதை இன்னும் மோசம். பத்து டிகிரி மூக்கு தாழ்ந்தால் ஈர்ப்பு மையமும் முன்னால் வரும். நான் சொன்ன கணக்கில் 35 செ.மீ. என்பது 20 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது, தூக்க ஆரம்பித்த பிறகு அதைவிடக் குறைவான பிரேக்கே கவிழ்க்கப் போதும். பிரேக்கை உடனே விட்டால் வால் விழும். விட மனம் வராமல் மிதித்துக்கொண்டே இருந்தால் புரொப்பெல்லர் தாரில் உளிபோல் கொத்தும். புரொப்பெல்லர் போனால் அதோடு முடியாது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய செலவு.

உங்கள் விமானம் 1946 மாடல் என்பதால் இது உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். அந்த மாடலில் சக்கரங்களைத் தாங்கும் எஃகு வில் கால்கள், ஸ்டீவ் விட்மன் என்ற பந்தய விமானி கண்டுபிடித்ததைச் செஸ்னா உரிமம் வாங்கிப் போட்டவை. தங்கமான கால்கள். ஆனால் ஆரம்பகால 120, 140 விமானங்களில் சக்கரம் கொஞ்சம் பின்னால் அமைந்துவிட்டது. கடும் பிரேக்கில் மூக்கில் குத்தும் கெட்ட பெயர் வந்தது. அதற்காகக் காலுக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும் எக்ஸ்டெண்டர் என்ற ஒரு துண்டு வந்தது. சக்கரத்தை மூன்று அங்குலம் முன்னால் தள்ளும். பிற்பாடு வந்த 140-களில் காலையே முன்னால் சாய்த்து அமைத்துவிட்டார்கள். உங்கள் விமானத்தில் எக்ஸ்டெண்டர் இருக்கிறதா, யாராவது பழைய காலைக் கழற்றிப் புதுக் காலை மாட்டியிருக்கிறார்களா, ஒன்றுமே இல்லாமல் பிறந்தபடியே நிற்கிறதா? பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். ஒன்றுமே இல்லை என்றால் கிளீவ்லண்ட் பேச்சை எடுக்கும் முன் இந்தப் பேச்சை எடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. மூன்று அங்குலம் என்பது ஏழரை செ.மீ. என் கணக்கில் 35 என்பது 42-ஐத் தாண்டிவிடும். மூக்கில் குத்தும் பயம் நன்றாகக் குறையும். ஆனால் பாரம் சக்கரத்துக்கு இன்னும் பின்னால் போய்விட்டது. தள்ளுவண்டிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றிக்கொள்ளும் ஆசை கூடிவிட்டது. எக்ஸ்டெண்டர் என்றால் இன்னொன்றும் சேரும். சக்கரம் காலின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நிற்பதால், ஒவ்வொரு பிரேக்குக்கும் இறக்கத்துக்கும் காலை முறுக்கும். அந்த முறுக்கு போய்ச் சேரும் இடம் காலைப் பிடித்திருக்கும் உடற்பகுதிப் பெட்டி. அங்கே ரிவெட் ஆடியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார்க்க வேண்டும். இத்தனையும் தெரிந்துதான் நான் எக்ஸ்டெண்டர் இருக்கட்டும் என்பேன். பக்கம் சுற்றுவதைக் காலால் சமாளிக்கக் கற்றுக்கொள்ளலாம். தலைகீழாக விழுந்த விமானத்தை எந்தக் காலும் தூக்காது.

இரட்டைப் பிஸ்டன் வேண்டாம். சொந்தத் தம்பி என்றாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலிப்பரில் பிஸ்டனின் பரப்பு கூடினால் அழுத்தும் விசை கூடும் என்பது சரி. அதே அளவுக்கு எண்ணெயும் அதிகம் தேவைப்படும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் எண்ணெயோ அதே அளவுதான். பெடல் அடிவரை போய்விடும், அல்லது இரண்டு தடவை மிதிக்க வேண்டிவரும். இரட்டை பிரேக் போடுவது மலைச்சரிவிலும் ஆற்று மணலிலும் பெரிய டயரோடு இறங்கும் அலாஸ்கா விமானிகளுக்கு. நீங்கள் தார் ஓடுபாதையில் வடை சாப்பிட்டுவிட்டு ஞாயிறு காலையில் பறப்பவர்.

பெரிய டயர் அதைவிட வேடிக்கை. டயரின் ஆரம் கூடினால் அதே பிரேக் தரையில் காட்டும் பிடி குறையும். ஒரு பக்கம் பிரேக்கைக் கூட்டி மறுபக்கம் டயரால் குறைப்பது தண்ணீரைப் பிடித்துத் தண்ணீரில் ஊற்றுவது. போதாததற்கு விமானம் உயர்ந்து நிற்கும். மூக்கு மேலே போய் முன்னால் பாதை இன்னும் மறையும். இருக்கிற 6.00-6 அளவே இருக்கட்டும். இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தாலே விமானம் அந்தப் பக்கம் இழுக்கும். மனிதர்கள் அதற்கும் பிரேக்கைத்தான் திட்டுவார்கள்.

வால் சக்கரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட் தயாரிப்போ மௌல் தயாரிப்போ, எதுவாக இருந்தாலும், ரடரிலிருந்து வரும் சங்கிலியும் ஸ்பிரிங்கும் தொய்ந்து தொங்கினால் நீங்கள் மிதிப்பதில் முதல் ஒரு அங்குலம் காற்றோடு போய்விடும். அன்று வலப்புறம் திரும்பியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஸ்பிரிங் என்ன பெரிய விலை.

நீங்களே மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விமானம் அமெரிக்கப் பதிவில் இருப்பதால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. வகுத்த விதிதான் செல்லும். நம் சிங்கப்பூர் உரிமம் வைத்திருக்கும் என்னைப் போன்றவன் அங்கே போய் ஸ்பேனரைத் தொட்டாலும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தனியார் விமானி உரிமம் வைத்திருக்கும் உரிமையாளர் தன் விமானத்தின் டயரைக் கழற்றி மாட்டலாம், சக்கர பேரிங்கைக் கழுவிக் கிரீஸ் போடலாம், ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றலாம். சக்கரத்தையும் பிரேக்கையும் வேறு வகைக்கு மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு எஸ்டிசி என்கிற துணை வகைச் சான்றிதழ் வேண்டும். அதை வைத்திருப்பவர் உங்கள் விமானத்தில் பயன்படுத்த எழுத்தில் அனுமதி தர வேண்டும். ஏ அண்ட் பி (விமான உடலுக்கும் எஞ்சினுக்கும் உரிமம் பெற்ற) மெக்கானிக் வேலையைச் செய்து அல்லது மேற்பார்வை பார்த்து, ஐ.ஏ. எனும் ஆய்வு அதிகாரம் உள்ளவர், பெரிய மாற்றங்களைப் பதியும் படிவம் 337-இல் கையெழுத்திட வேண்டும். மேற்பார்வை என்ற சொல்லைக் கவனியுங்கள். மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் கை அழுக்காக வேலை செய்ய விதி இடம் கொடுக்கிறது. நல்ல மனிதராகப் பார்த்துக் காப்பி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எக்ஸ்டெண்டர் ஏற்கெனவே இருந்தால் இரண்டு மாற்றமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்ப்பதும் மாட்டுகிறவரின் பொறுப்பு. அதை அவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். எடைக் கணக்கையும் புதிதாக எழுத வேண்டும். முன்பு இருந்த சக்கரத்தின் எடையும் இப்போது வந்ததன் எடையும் ஒன்றாக இருக்காது.

எண்ணெய் ஊற்றலாம் என்றேன், அதில் ஒரு பழைய கதை. நான் பயிற்சியாளனாக இருந்த காலம். ஒரு சின்ன விமானத்தின் பெடல் மிதித்தால் போகும், திரும்பி வராது. சக்கரம் பிரேக் பிடித்தபடியே நிற்கும். இரண்டு நாள் தேடினோம். கடைசியில் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தபோது ஓ-ரிங் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் உப்பி, விரலில் நசுக்கினால் பிசுபிசுவென்று வந்தது. யாரோ கார் பிரேக் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ நான்தான். முந்தின வாரம், சிவப்பு எண்ணெய் தீர்ந்துவிட்டதே என்று, அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து ஊற்றியிருந்தேன். பிரேக் எண்ணெய் என்றுதானே எழுதியிருந்தது! எங்கள் ஃபோர்மேன் திட்டவில்லை. அந்த ஓ-ரிங்கை ஒரு நூலில் கோத்து என் லாக்கர் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார். மூன்று மாதம் தொங்கியது.

சிவப்பு நிறத்தில் இருக்கும் 5606 என்ற விமான ஹைட்ராலிக் எண்ணெய் கனிம எண்ணெய். கார்க் கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய் எல்லாம் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. ஒன்றுக்காகச் செய்த ரப்பரை மற்றது அழித்துவிடும். தம்பியின் ஹேங்கரில் காருக்கான டப்பா ஏதாவது இருந்தால் இன்றைக்கே வீட்டு கராஜுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிவப்பு எண்ணெயும் எரியக்கூடியது. சூடான டிஸ்கின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். ஆகவே ‘சின்னக் கசிவுதான்’ என்று விடாதீர்கள்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது எண்ணெயைக் கீழிருந்து மேலே தள்ளச் சொல்லுங்கள். காலிப்பரின் அடியில் இருக்கும் நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, பம்ப் எண்ணெய்க் கேனால் மெதுவாக ஏற்ற வேண்டும். மேலே போவது காற்றின் இயல்பு. அதன் போக்கிலேயே அனுப்புகிறோம். ஒருவர் கீழே பம்ப் அடிக்க, இன்னொருவர் விமானிக் காலடியில் தலையை நுழைத்து, மாஸ்டர் சிலிண்டரின் வாயில் துணியோடு காத்திருப்பார். முதலில் பொங்கி நுரையாக வரும், பிறகு ஒற்றை ஒற்றைக் குமிழி, பிறகு வெறும் சிவப்பு. அவசரப்பட்டால் கம்பளத்தில் சிவப்புக் கறை. நம் வீட்டுக் கம்பளத்தில் சாம்பார் கொட்டினால்கூடப் போய்விடும், இது போகாது.

புது லைனிங்கைப் பழக்க வேண்டும். ஆர்கானிக் வகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் முறை இது: எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 சுற்றில் ஓட, பிரேக்கை அளவாகப் பிடித்தபடி மணிக்கு 5 முதல் 10 மைல் வேகத்தில் 1,500 அடி தூரம் விமானத்தைத் தரையில் ஓட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். பிறகு எஞ்சினைக் கூட்டிப் பிரேக் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் வால் சக்கரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். பிரேக் தாங்கும், எஞ்சின் இழுக்கும், வால் எழும்பும். கையில் இருக்கும் யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்) வயிறு வரை இழுத்துப் பிடியுங்கள், வாலைத் தரை வளையத்தில் கட்டிவையுங்கள். எங்கள் பட்டறையில் கட்டாமல் விட்டதே இல்லை.

பழகிய பிறகு, முதல் பத்து இறக்கத்துக்காவது, வால் சக்கரம் தெரிந்த பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பறப்புப் புத்தகத்தில் வால் சக்கர ஒப்புதல் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். நான் சொல்வது காலுக்கான மறுபயிற்சி. செத்த பிரேக்கில் ஆறு ஆண்டு ஓட்டிய கால் ‘முழுசா மிதிச்சாத்தான் கொஞ்சம் பிடிக்கும்’ என்று பழகியிருக்கும். இந்த ஊரில் காரோட்டும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலைப் புதுப் பிரேக்கின் மேல் வைத்தால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெடலின் அடிப்பகுதி ரடர், மேல்பகுதி பிரேக்; ஆகவே இறங்கும்போது குதிகால் தரையில், விரல்கள் பெடலின் அடிப்பகுதியில் மட்டும். ஓட்டம் நடைவேகத்துக்கு வந்த பிறகுதான் பாதம் மேலே ஏற வேண்டும். தடித்த அடிப்பாகம் உள்ள சப்பாத்து வேண்டாம். மெல்லிய கான்வாஸ் சப்பாத்து போதும். தேக்காவில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைப்பதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

உங்கள் மனைவிக்கு: பயந்ததில் தப்பில்லை, அம்மா. ஒரு பிரேக் வேலை செய்யவில்லை என்று தெரிந்தும் அதே விமானத்தில் உங்களை ஏற்றியிருக்கிறார் என்றால் கேள்வி கேட்க வேண்டியது நீங்கள்தான். படிவம் 337-இன் நகலும் பயிற்றுநர் கையெழுத்திட்ட பறப்புப் புத்தகமும் கைக்கு வந்த பிறகு ஏறுங்கள். தம்பி வீட்டுக்கு நீங்கள் கொண்டுபோகும் முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் தராசில் வைத்து எடை எழுதிவிட்டுத்தான் பின்னால் ஏற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். பின்னால் எடை கூடினால் மூக்கு குத்தாது, வால்தான் சுற்றும்.